வயல் டிராக் ரேஸுக்கு எந்த மருத்துவ ஏற்பாடு? ஐந்து வழிகள், ஒரு டெல்டா கணக்கு

சம்பா அறுவடை முடிந்து வைக்கோலையும் கட்டி ஏற்றிவிட்டால், உளுந்தும் பயறும் தெளிக்காத வயல்கள் ஜூன் 12 மேட்டூர்த் திறப்பு வரைக்கும் சும்மா கிடக்கும். டெல்டாவில் டர்ட் ரேஸ், அதாவது மண் டிராக்கில் பைக் பந்தயம், நடத்த ஆசைப்படும் கிளப்புகளும் இளைஞர் மன்றங்களும் கண் வைப்பது அந்த இடைவெளியின் மேல்தான். டிராக்டரை விட்டு மேடு பள்ளம் போட்டு, கயிறு கட்டி, பரிசுத் தொகை அறிவித்து, கடைசியில் அனுமதி மனுவில் ஒரு வரி சேர்ப்பார்கள்: ‘ஆம்புலன்ஸ் வசதி செய்யப்பட்டுள்ளது.’ அந்த ஒரு வரிக்குள் ஐந்து விதமான ஏற்பாடுகள் ஒளிந்துகொள்ள முடியும். ஐந்துக்கும் செலவு வேறு. விழுந்தவருக்குக் கிடைப்பதும் வேறு.

கணக்குக்கு ஒரு ரேஸை வைத்துக்கொள்வோம். மன்னார்குடி–பட்டுக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வயல். 1.2 கி.மீ. டிராக், ஒரு ஸ்டார்ட்டுக்கு 10 வண்டி, மொத்தம் 50 ரைடர்கள், ஞாயிறு காலை 8 முதல் மாலை 5 வரை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியானாலும் திருவாரூர் மருத்துவக் கல்லூரியானாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்.

விழுந்தால் என்ன ஆகிறது

பெரும்பாலான விழுதல்களில் உடைவது காறை எலும்பு, மணிக்கட்டு, கணுக்கால். இல்லையென்றால் சிராய்ப்போடு போய்விடும். இவற்றுக்கு ஐந்து வழியில் எது இருந்தாலும் போதும். கையைத் தூளி கட்டி காரில் அனுப்பினாலும் பெரிய நஷ்டமில்லை. வழிகளைப் பிரித்துக் காட்டுவது மற்ற சில விழுதல்கள்தான்.

அவற்றுக்கு மூன்று கெடு உண்டு. மயங்கிக் கிடப்பவரின் நாக்கோ வாந்தியோ மூச்சுக் குழலை அடைத்தால் 4 முதல் 6 நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கும். விலா ஒடிந்து நெஞ்சுக்குள் காற்று அடைபட்டு அழுத்தினாலும் நிமிடக் கணக்குதான். தொடை எலும்பு ஒடிந்தால் தொடைக்குள்ளேயே ஒன்று, ஒன்றரை லிட்டர் ரத்தம் தேங்கலாம்; இடுப்பெலும்பு பிளந்தால் அதைவிடக் கூட. உடம்பில் இருப்பதே 5 லிட்டர் சுற்றுவட்டம். இதற்குக் கெடு அரை மணி, ஒரு மணி. மண்டைக்குள் ரத்தக்கட்டு இருந்தால் சி.டி. ஸ்கேனும் நரம்பியல் அறுவை நிபுணரும் வேண்டும். அதற்குச் சில மணி நேரம். முதல் கெடுவுக்கு டிராக்கில் ஆள் வேண்டும், இரண்டாவதற்கு டிராக்கில் ஆளும் ஓடுகிற வண்டியும், மூன்றாவதற்குச் சரியான ஊர். ‘பக்கத்தில்தானே ஜி.ஹெச்.’ என்று சொல்பவர்கள் மூன்றாவதை மட்டும் நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

108ஐ நம்பி நடத்துவது

தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் சேவை. காசு கிடையாது, பயிற்சி பெற்ற உதவியாளர் வருவார், ஆக்சிஜன் இருக்கும். ஜல்லிக்கட்டுக்கும் தேருக்கும் மாவட்ட நிர்வாகம் 108 வண்டியைத் திடலிலேயே நிறுத்தி வைப்பது உண்டு. அதைப் பார்த்துப் பழகிய கண், நம் ரேஸுக்கும் அப்படியே வந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறது. நிறுத்தி வைக்க எழுத்தில் உத்தரவு வாங்காத வரை, அந்த வண்டி வேறு எங்கோ ஒரு பிரசவத்துக்கோ பாம்புக்கடிக்கோ போய்க்கொண்டிருக்கும். நீங்கள் கூப்பிட்ட பிறகுதான் கிளம்பும். முதல் கெடு அதற்குள் முடிந்துவிடும்.

வழி சொல்வதும் லேசில்லை. ‘மூணாவது மதகு தாண்டி, பம்புசெட் கொட்டகைக்குக் கிழக்கே’ என்றால் ஊர்க்காரருக்குப் புரியும், கட்டுப்பாட்டு அறைக்குப் புரியாது. 108 இரண்டாம் வரிசை. அதற்கும் தயாரிப்பு வேண்டும்: இடத்தின் மேப் பின்னை முன்பே எடுத்து நான்கைந்து பேர் போனில் வைத்திருப்பது, பிரதான சாலை முக்கில் ஒருவர் பைக்கோடு நிற்பது, அவர் நம்பரையே அழைப்பில் கொடுப்பது. முதல் வரிசையாக 108ஐ எழுதும் ரேஸில் வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூட வேண்டாம்.

தெரிந்தவர் வண்டி

அடுத்து எல்லாரும் போவது இதற்குத்தான். ஆம்னியோ ஈக்கோவோ, மேலே சுழல் விளக்கு, உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு சிலிண்டர், ஒரு டிரைவர். நோயாளியைப் படுக்க வைத்து ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகச் செய்த வண்டி அது. அதில் தப்பில்லை, அந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்கு என்று எண்ணக்கூடாது.

காலையில் வண்டி வந்ததும் பின்கதவைத் திறந்து நீங்களே பார்க்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. சிலிண்டரைத் திறந்து முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். 150 பாரில் நிரப்பினால் 1500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கொடுத்தால் 100 நிமிடம் வரும். முள் பாதியில் நின்றால் 50 நிமிடம். தஞ்சாவூர் ஒரு மணி நேரம். ஊர் போய்ச் சேரும் முன்பே காற்று தீர்ந்துவிடும். சிலிண்டரைத் திறக்கும் சாவி அதிலேயே சங்கிலி போட்டுக் கட்டப்பட்டிருக்கிறதா? பல வண்டிகளில் அது டிரைவரின் சீட்டுக்கடியில் எங்கோ கிடக்கும். வாயில் தேங்கும் வாந்தியையும் ரத்தத்தையும் உறிஞ்சும் சக்‌ஷன் மெஷினை ஓடவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்சச் சொல்லுங்கள். பேட்டரி செத்திருந்தால் அப்போதே தெரியும். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பையும் பெரியவர் அளவு மாஸ்க்கும் கவர் பிரிக்காமல் இருந்தால், அந்த வண்டியில் அதை உபயோகிக்கத் தெரிந்தவர் யாரும் இதுவரை ஏறவில்லை என்று அர்த்தம் கொள்ளலாம்.

இன்னொன்று: கமிஷன். அடிபட்டவரை எங்கே கொண்டுபோவது என்பதை டிரைவர் முடிவு செய்தால், எந்த மருத்துவமனை அவருக்குக் கொடுக்கிறதோ அங்கேதான் வண்டி போகும். போகும் இடத்தை டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கம் வைத்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

வென்டிலேட்டர் வண்டி ஒன்று

பணம் இருக்கும் கிளப்புகள் எடுக்கும் முடிவு இது. பெரிய டிராவலர் வண்டி, மானிட்டர், வென்டிலேட்டர், சிரிஞ்ச் பம்ப். போட்டோவில் அழகாக இருக்கும். வாடகை பேசும்போது நாள் நிறுத்தக் கட்டணம், கி.மீ. கட்டணம், ஆக்சிஜன், உடன்வரும் ஊழியர் சம்பளம் நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் பில்லில் ஒவ்வொன்றாக முளைக்கும்.

குறை இரண்டு. மூச்சுக் குழலில் டியூப் போடத் தெரிந்தவர் கூட வராவிட்டால் வென்டிலேட்டர் ஒரு பெட்டிதான். ‘டெக்னீஷியன் வருவார்’ என்றால், அவர் கடைசியாக எப்போது டியூப் போட்டார் என்று கேளுங்கள்; கேட்பதில் வெட்கமில்லை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. வண்டி ஒன்றுதான். காலை 10 மணிக்கு ஒரு பையன் விழுந்து தொடை ஒடிகிறது. போக ஒரு மணி, ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கி ஸ்ட்ரெச்சரைத் திரும்பப் பெற முக்கால் மணி, வர ஒரு மணி. டிராக்கில் கட்டி ஏற்றும் நேரத்தையும் சேர்த்தால் பகல் ஒரு மணிக்கு முன் அந்த வண்டி திரும்பாது. அதுவரை ரேஸை நிறுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் இல்லாத டிராக்கில் கொடி அசைக்கக்கூடாது என்பது எந்த முறையான பந்தயத்திலும் மாறாத விதி. ஆனால் வெயில் ஏறுகிறது, கூட்டம் விசிலடிக்கிறது, தலைமை விருந்தினர் 12 மணிக்குக் கிளம்ப வேண்டும். ‘ஒரு ஹீட் (ஒரு ஸ்டார்ட்டில் ஓடும் பந்தயம்) மட்டும் ஓட்டிடலாம், மெதுவா ஓட்டச் சொல்லுவோம்’ என்று யாராவது சொல்வார்கள். மெதுவாக ஓட்டும் ரேஸ் என்று ஒன்று கிடையாது. ஒற்றை வண்டி ஏற்பாட்டின் உண்மையான ஆபத்து அந்த மூன்று மணி நேரம்.

வண்டியின் உடம்பும் ஒரு பிரச்னை. பாசன வாய்க்காலின் மேல் போட்ட கட்டுப்பாலம் டிராக்டர் அளவுக்குக் கட்டியது. நீளமான டிராவலர் அதில் ஒடித்துத் திரும்ப முடியாது. டெல்டாக் களிமண் காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. தூசிக்காக லாரித் தண்ணீர் அடித்த இடத்தில் இவ்வளவு எடையுள்ள வண்டி அச்சுவரை இறங்கும். வண்டியை முந்தின நாளே ஒருமுறை உள்ளே கொண்டுவந்து வெளியே எடுத்துப் பார்ப்பதும், சங்கிலியோடு ஒரு டிராக்டரை நாள் முழுக்க நிறுத்துவதும் கட்டாயம்.

பேனர் கட்டும் மருத்துவமனை

தனியார் மருத்துவமனை ஒன்று ஸ்பான்சராக வரும்: இலவச ஆம்புலன்ஸ், இரண்டு நர்ஸ், ஒரு டூட்டி டாக்டர், பதிலுக்கு ஸ்டார்ட் லைனில் பேனர். மன்றத்துக்கு இது சொர்க்கம். ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம், நான்கு கேள்விக்குப் பதில் எழுத்தில் வந்தால். ஞாயிற்றுக்கிழமை சி.டி. ஓடுமா? மூளை அறுவை நிபுணர் அன்று ஊரில் இருப்பாரா, கூப்பிட்டால் வருபவரா? ரத்த வங்கி உள்ளேயே இருக்கிறதா? காயத்துக்கு ஏற்ப வேறு மருத்துவமனைக்கு அனுப்ப ரேஸ் டாக்டருக்கு உரிமை உண்டா? நான்காவதற்கு இழுத்தடித்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். எல்லாரையும் தங்கள் வாசலுக்கே கொண்டுபோய், அங்கே முடியாமல் இரண்டு மணி நேரம் கழித்து மருத்துவக் கல்லூரிக்கு மாற்றினால், இலவச வண்டி மிச்சப்படுத்தியது என்ன?

சொந்தக் குழு, இரண்டு சாதா வண்டி

எங்கள் பரிந்துரை இதுதான். ஒரு வென்டிலேட்டர் வண்டிக்குப் போகும் பணத்தில் இரண்டு சாதாரண ஆம்புலன்ஸையும் ஒரு நல்ல டாக்டரின் ஒருநாள் சம்பளத்தையும் பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம். ஒரு வண்டி கிளம்பினால் மற்றது நிற்கும். இரண்டாவதும் கிளம்பினால் சிவப்புக் கொடி. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

டாக்டர் யார் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். விழுந்தால் எலும்பு உடையும், ஆகவே எலும்பு டாக்டர் என்று அழைக்கிறார்கள். எலும்பு காத்திருக்கும். மூச்சு காத்திருக்காது. மயக்கவியல் நிபுணரோ அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவரோ வேண்டும்: தினமும் டியூப் போடுகிற கை, நெஞ்சில் ஊசி குத்திக் காற்றை விடத் தயங்காத கை. அவரோடு நர்ஸ் அல்லது டெக்னீஷியன் இருவர், ஸ்ட்ரெச்சர் தூக்க ஆறு பேர். இந்த ஆறு பேர் கபடி டீமில் கிடைப்பார்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பழக்கினால் போதும்.

டாக்டரின் பையில் இருக்க வேண்டியது நீண்ட பட்டியல், அது அவருக்கே தெரியும். அமைப்பாளர் வாங்கித் தர வேண்டியதை மட்டும் சொல்கிறோம்: இரண்டாகப் பிரியும் ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் 2, இடுப்புக் கட்டு 1, தொடை எலும்பை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் 1, ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலில் இறுக்கும் டூர்னிகே பட்டை 4, ரைடிங் சூட்டை வெட்டும் கனமான கத்தரி 3, கழுத்துக் காலர் அளவு மாற்றக்கூடியது 3, நிரம்பிய பி டைப் சிலிண்டர் 3. இடுப்புக் கட்டை நம் ஆட்கள் பெல்ட் போடும் இடத்தில் கட்டிவிடுவார்கள், அது தவறு. தொடையின் வெளிப்பக்கம் எலும்பு முட்டித் தெரியும் உயரத்தில், அதாவது பேன்ட் பைக்குள் கைவிட்டால் கை நிற்கும் மட்டத்தில் கட்ட வேண்டும்.

ரத்தம் உள்ளே ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராமை 10 நிமிடத்தில் நரம்பில் ஏற்றுவார்கள். காயம்பட்டவர்களிடம் இந்த மருந்தைச் சோதித்து 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்க இது வழக்கம். காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், சீக்கிரம் கொடுத்தால் பலன் கூட. மருந்து விலை மலிவு, ஆனால் டாக்டர் இல்லாத வண்டியில் அதைக் கொடுக்க ஆளில்லை. ஐந்து வழிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு ஊசியை வைத்தே அளந்துவிடலாம்.

டாக்டர் எங்கே உட்காருவார்? பந்தலில், விருந்தினர் பக்கத்தில் நாற்காலி போட்டால் உதவாது. ஸ்டார்ட்டில் 10 வண்டியும் ஒரே கூட்டமாக முதல் வளைவுக்குள் நுழையும். அங்கே விழுபவரைப் பின்னால் வரும் வண்டி மோதுவதுதான் மோசமான காயங்களுக்குக் காரணம். 2023 ஆகஸ்டில் சென்னை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் 13 வயதுப் பையன் உயிரிழந்த விபத்தும் ஸ்டார்ட் எடுத்த சற்று நேரத்தில், முதல் வளைவை விட்டு வெளியேறும்போது நடந்தது. மோட்டோ ஜி.பி.யில் முதல் சுற்று முழுக்க மருத்துவக் கார் ரைடர்களின் பின்னாலேயே வரும். வட அயர்லாந்தின் சாலைப் பந்தயங்களில் டாக்டர்களே பெரிய பைக்குகளில் கூட்டத்துக்குப் பின்னால் ஓடுவார்கள். நம் 1.2 கி.மீ. வயலுக்கு அவ்வளவு தேவையில்லை. ஸ்டார்ட்டின்போது டாக்டர் முதல் வளைவின் உட்பக்கம் நிற்கட்டும்; எல்லா வண்டியும் கடந்தபின் டிராக்கின் நடுவில் வெட்டிய குறுக்குப் பாதைக்கு வரட்டும். பக்கத்தில் ஒரு ஸ்ப்ளெண்டர், ஓட்டத் தெரிந்த ஆள், டாக்டர் முதுகில் பை. எந்த மூலைக்கும் ஒன்றரை நிமிடத்தில் போய்விடலாம். போக முடிகிறதா என்று முதல் ஹீட்டுக்கு முன் கைக்கடிகாரம் வைத்துப் பாருங்கள். வரப்பு குறுக்கே வந்தால் வெட்டிச் சரித்துவிடுங்கள்.

டிராக் போடும்போதே மருத்துவ வேலையைப் பாதி குறைக்கலாம். எல்லை கட்ட மூங்கில் கழி நடுவது இங்கே வழக்கம். சாய்வாக வெட்டிய மூங்கில் முனை வயிற்றில் இறங்கினால் வயலில் வைத்து எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிளாஸ்டிக் நாடாவும் வைக்கோல் கட்டும் போதும். வைக்கோலுக்கா நம்மூரில் பஞ்சம்? டிராக்கின் எந்தப் பக்கமாவது வாய்க்காலில் போர்த் தண்ணீர் ஓடினால் அந்த இடத்தில் கட்டாயம் ஒரு ஆள். ஒரு முழம் தண்ணீரில் மயங்கிக் குப்புறக் கிடப்பவர், ஹெல்மெட்டுக்குள் நீர் புகுந்து மூழ்கிவிடுவார்.

ஹெல்மெட்டைக் கழற்றும் நேரம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், கூட்டத்தில் ஓடிவரும் முதல் ஆள் செய்வது இதைத்தான், அதுவும் தப்பாக. கன்னத்தைத் தட்டி, ஹெல்மெட்டை உருவி, உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, வாயில் சோடா ஊற்றுவது. ஒவ்வொன்றும் கேடு. ரைடர் பேசுகிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் போதும். பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சில் கொரகொர சத்தம் வந்தாலோ ஹெல்மெட் உடனே வர வேண்டும். அதற்கு இருவர் தேவை.

ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு ஹெல்மெட்டை இரு பக்கமும் பிடிக்கிறார். மற்றவர் கூலிங் கிளாஸ் போன்ற காகிளைக் கழற்றி, தாடைப் பட்டையைக் கத்தரியால் வெட்டுகிறார். வளையத்தை அவிழ்த்துக்கொண்டு நேரம் போக்குவதில்லை. நல்ல ஹெல்மெட்டுகளில் கன்னத்துப் பஞ்சின் அடியில் சிவப்பு நாடா நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கீழ்நோக்கி இழுத்தால் பஞ்சு வந்துவிடும், அதன்பின் ஹெல்மெட் தளரும். இப்போது அந்த இரண்டாமவர் ஒரு கையால் தாடையையும் மறு கையைக் கழுத்துக்கடியில் நுழைத்துப் பிடரியையும் தாங்குகிறார். பொறுப்பு அவர் கைக்கு மாறியதும் ‘பிடிச்சிட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலைமாட்டில் இருப்பவர் ஹெல்மெட்டின் இரு ஓரத்தையும் காதுக்கு அப்பால் விரித்து, மூக்கு தப்பும்படி லேசாகச் சாய்த்து இழுக்கிறார்.

பெரும்பாலானோர் மறப்பது அடுத்த விநாடி. முதுகுக் கவசம் போட்டிருப்பதால் உடம்பு தரையிலிருந்து இரண்டு விரல் உயர்ந்திருக்கும். ஹெல்மெட் போனதும் தலை அந்தப் பள்ளத்தில் பின்னால் மடங்கும். மடித்த துண்டு ஒன்றைத் தயாராக வைத்திருந்து பிடரிக்கடியில் தள்ள வேண்டும். காற்றுப்பை ஜாக்கெட் போட்டவராக இருந்தால் வெட்டும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஆறு ஸ்ட்ரெச்சர்காரர்களும் சனிக்கிழமை இதைப் பத்து முறை செய்து பார்க்கட்டும்.

தூக்குவதற்கு ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் பலகையைவிட நல்லது. ரைடரை முழுதாகப் புரட்டாமல் இரு பக்கமிருந்தும் பாதி பாதியாக நுழைத்துப் பூட்டிவிடலாம். ஆனால் அது அலுமினியம். ஏப்ரல் வெயிலில் வரப்பில் கிடந்தால் தோசைக்கல்தான். வேப்ப மரத்தடியில், ஈரச் சாக்கின் மேல் வைத்திருங்கள். வண்டிக்குள் அடுக்கிய சலைன் பாட்டில்களும் இதே கதை. டெட்டனஸ் ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; ஐஸ் பெட்டியில், ஐஸைத் தொடாமல். சாணி எரு போட்ட வயல் மண் புகுந்த காயத்துக்கு அந்த ஊசி சம்பிரதாயமல்ல. எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளக் கூடாது. ஒரு போட்டோ எடுத்துவிட்டு சலைனில் நனைத்த துணியால் மூடுங்கள். மருத்துவமனையில் ஒவ்வொருவரும் கட்டைப் பிரித்துப் பார்ப்பது அந்தப் போட்டோவால் குறையும்.

தலையில் அடிபட்டு எழுந்து நிற்பவரிடம் டாக்டர் கேட்கட்டும்: ‘இது எத்தனாவது ஹீட் தம்பி? உனக்கு முன்னாடி போன வண்டி நம்பர் என்ன? காலைல என்ன சாப்பிட்ட?’ தடுமாறினால் அன்று அவருக்கு ரேஸ் முடிந்தது. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவர் சொல்வதையும், அவர் அண்ணன் வந்து கெஞ்சுவதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். வண்டிச் சாவியை டாக்டர் மேசையில் வாங்கி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது

இதை விழுந்த பிறகு பேசக்கூடாது. காறை எலும்பும் மணிக்கட்டும் மன்னார்குடி அரசு மருத்துவமனைக்கு. தலை, முதுகெலும்பு, நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்பு நேராக மருத்துவக் கல்லூரிக்கு. நடுவில் எங்கும் ‘ஒரு முதலுதவி’ நிறுத்தம் வேண்டாம், டாக்டர் கூடவே இருக்கிறார். 2010இல் தொடங்கிய திருவாரூரா, 1959இல் தொடங்கிய தஞ்சாவூரா என்றால், தலைக் காயத்துக்கு நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் சாய்வோம். ஆனால் ரேஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரண்டு இடத்துக்கும் நேரில் போய், ஞாயிறு அன்று எந்தெந்த நிபுணர் பணியில் இருக்கிறார் என்று கேட்டு வருவதுதான் சரியான பதில். மயிலாடுதுறை, சீர்காழிப் பக்கம் நடத்துபவர்களுக்கு சிதம்பரமும் கணக்கில் வரும். நாகப்பட்டினம் கரையோரம் என்றால் 2022இல் திறந்த நாகை மருத்துவக் கல்லூரி.

தஞ்சாவூருக்கு அனுப்பும்போது டிரைவரிடம் ‘ஜி.ஹெச்.’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊருக்கு நடுவில் இருக்கும் பழைய ராசா மிராசுதார் மருத்துவமனைக்கும் அந்தப் பெயர் உண்டு. அது பெரும்பாலும் பிரசவத்துக்கும் குழந்தைகளுக்குமானது. ‘மெடிக்கல் காலேஜ், விபத்துப் பிரிவு, பைபாஸ் வழி’ என்று முழுசாகச் சொல்லுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் நடத்தினால் சாலையை முந்தின நாள் ஓட்டிப் பாருங்கள்: பாதி ரோட்டில் நெல் காயும், கொள்முதல் நிலைய வாசலில் டிராக்டர் வரிசை நிற்கும். நீடாமங்கலம் கேட்டில் காத்துக் கிடந்த அனுபவம் டெல்டாக்காரர் யாருக்கும் புதிதல்ல. ரயில் நேரத்தை எழுதி டாக்டர் மேசையில் ஒட்டுங்கள்.

வண்டி கிளம்பியதும் விபத்துப் பிரிவுக்குப் போன்: வயது, எப்படி விழுந்தார், எங்கே காயம், நினைவு எப்படி, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, எத்தனை மணிக்கு வருவோம். அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து எடுக்கும் முறை இருக்கிறது. இந்த ஒரு நிமிடப் போன் சிவப்புப் படுக்கையைத் தயாராக்கும்.

இன்னொரு பழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடும்போது ‘ரோட்டில் நாய் குறுக்கே வந்து விழுந்தார்’ என்று சொல்லச் சொல்வார்கள். காரணம் தெரிந்ததே: 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ சாலை விபத்துக்கான இலவசச் சிகிச்சைத் திட்டம், ரேஸ் திடலுக்கானதல்ல, வண்டியின் வழக்கமான இன்சூரன்ஸும் பந்தயத்தை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். ஆனால் மேட்டிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் பறந்து விழுந்து, பின்னால் வந்த வண்டி நெஞ்சில் ஏறியவரை, நாய்க்குப் பயந்து சறுக்கியவராக எழுதினால் வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்திருக்கிறதா என்று டாக்டர் தேட மாட்டார். பொய் சொல்லவேண்டிய நிலையே வராமலிருக்க, பந்தயம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்ட குழு விபத்துக் காப்பீட்டை நுழைவுக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ரத்தப் பிரிவும் உறவினர் போன் நம்பரும் பதிவு மேசையிலேயே வாங்கி, நகலை இரண்டு வண்டியிலும் வையுங்கள்.

பணம் பத்தாதபோது

முதலில் கழற்ற வேண்டியது வென்டிலேட்டர் வண்டி. அடுத்தது ரைடர் எண்ணிக்கை: 50ஐ 30 ஆக்கி, ரேஸைப் பகல் ஒரு மணிக்கு முடித்தால் டாக்டருக்கும் வண்டிகளுக்கும் அரை நாள் வாடகை, மதிய வெயிலில் களைத்து விழுபவர்களும் இல்லை. அதன்பிறகு ஸ்டார்ட்டுக்கு 10 வண்டியை 6 ஆக்கலாம். பரிசுத் தொகையில் கை வைப்பதற்கு மன்றங்கள் கூசும், கூசாமல் வையுங்கள். ஸ்பான்சர் மருத்துவமனையின் வண்டியை இரண்டாவது வண்டியாக எடுத்துக்கொள்வது நல்ல சமரசம்: டாக்டர் நம்முடையவர், முதல் வண்டி நம்முடையது, பேனர் அவர்களுடையது. டாக்டரையும் இரண்டாவது வண்டியையும் மட்டும் வெட்டக்கூடாது.

இவ்வளவும் ஞாயிறுக்கு. சனிக்கிழமை சாயங்காலமே ரைடர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். புது டிராக்கைப் பார்த்ததும் ‘சும்மா ரெண்டு ரவுண்டு’ என்று கைகள் துறுதுறுக்கும். அன்று டாக்டரும் கிடையாது, வண்டியும் கிடையாது. உள்ளே நுழையும் கட்டுப்பாலத்தில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி, சாவியை டிராக் பொறுப்பாளரான தலைமை மார்ஷல் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.